மூத்தவள் வைத்த புல்

எல்லை மாற்றத்தில் திருத்தணி தமிழ் ராஜ்ஜியத்துக்குப் போய், சத்தியவேடு தெலுங்கு ராஜ்ஜியத்துக்கு வந்ததே, அந்த வருஷத்துக் கோடை. சித்தூரில் காக்கைகள்கூடப் பறக்க அலுத்து, ஒரு நிழலிலிருந்து இன்னொரு நிழலுக்கு நடந்து போய்க்கொண்டிருந்தன. வெயில் அப்படி. கிரீம்ஸ்பேட்டையில் ஒரு ஓட்டு வீட்டு வாசலில் மட்டும், ஆறு பாய் விரித்தால் அடங்குகிற அளவுக்கு, ஒரு துண்டுப் புல்தரை பச்சையாகக் கிடந்தது.

மாட்டுக்கு வைத்த புல் இல்லை. பிள்ளையாருக்கு வைத்த அருகும் இல்லை. சும்மா பார்க்க, மிதிக்க, சாயங்காலம் உட்கார வைத்த புல். கலெக்டர் பங்களாவில் அப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து, "நம்ம வூட்டுக்கும் ஒண்ணு வேணும்" என்று ஆசைப்பட்டு வைத்தவள் செல்லியம்மா. வைத்தவள் போய் நாலு வருஷம் ஆகிவிட்டது. மூன்றே நாள் காய்ச்சல். புல் இருந்தது.

இப்போது அந்த வீட்டில் தாட்சாயணி இருந்தாள். கல்யாணமாகிப் பத்து மாதம். நகரியில் தறிக்காரர் வீட்டுப் பெண். இருபத்தொன்பது வயது வரைக்கும் அண்ணன் தறிக்குப் பாவு நூலைத் தெருவில் நீட்டியும், கஞ்சி போட்டும், நூல் காய்ந்து அறுந்துவிடாமல் தண்ணீர் தெளித்தும் கை பழகியவள். அவள் கழுத்தில் தாலியோடு சேர்ந்து, மிளகளவில் இன்னொரு பொன் பொட்டும் தொங்கியது. இரண்டாந்தாரமாக வருகிறவள், போனவளை நினைத்துக் கட்டிக்கொள்கிற பொட்டு. வெள்ளிக்கிழமைதோறும் அதற்கு ஒரு துளி சந்தனமும் ஒரு சொட்டுத் தண்ணீரும் வைத்துவிட்டுத்தான் அவள் வாயில் சோறு வைப்பாள். யாரும் மிரட்டிச் செய்ய வைக்கவில்லை, கண்ணுங்களா. ஒரு வீட்டுக்குள் போனால், முன்னாலேயே அங்கே இருக்கிறவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தானே உட்கார வேண்டும்? அப்படி நினைத்துத்தான் செய்தாள். ஆனால் உட்காரத்தான் அவளுக்கு இன்னும் வரவில்லை.

அவள் புருஷன் கோவர்த்தனன் சர்வே ஆபீஸில் படம் வரைகிறவர். நாற்பது வயது. ஊரையும் ஏரியையும் காகிதத்தில் மயிரிழை பிசகாமல் இறக்குவார். வாயிலிருந்து ஒரு வார்த்தையை இறக்க வைப்பதுதான் கஷ்டம். சாயங்காலம் வருவார், கால் கழுவுவார், காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே போய் அந்தப் புல்லில் உட்கார்ந்துவிடுவார். விளக்கு வைக்கும்வரை அங்கேதான். தாட்சாயணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் முதுகைப் பார்த்தபடி நிற்பாள். அந்த முதுகு யாரோடோ பேசிக்கொண்டிருப்பது போலிருக்கும் அவளுக்கு. ஓட்டுக்குக் கீழே இருப்பது என் வீடு, அந்த ஆறு பாய் இடம் மூத்தவள் வீடு என்று அவளாக மனசுக்குள் ஒரு எல்லை போட்டுக்கொண்டாள்.

சித்திரை பிறந்து நாலாம் நாள் கோவர்த்தனன் கேம்ப் கிளம்பினார். இரண்டு ராஜ்ஜியமும் ஊர்களை மாற்றிக்கொண்டாயிற்று. இனிமேல் கல் எங்கே, கோடு எங்கே என்று பழைய படங்களைப் புதிதாக வரைய வேண்டும். இரண்டு மாத வேலை. தங்கப்போகிற ஊர் வரதய்யபாளையம்.

வரதய்யபாளையம் செல்லியம்மா பிறந்த ஊர்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருக்கதவு வரை போனவர் நின்றார். திரும்பிப் புல்லைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"புல்ல பாத்துக்கோ" என்றார்.

அவ்வளவுதான். வேறொருத்தி என்றால் மறந்திருப்பாள். பத்து மாதத்தில் அவர் தன்னை நம்பிக் கொடுத்த முதல் பொருள் அதுதான் என்று தாட்சாயணிக்குத் தோன்றியது. அந்த ஊரில் இரண்டு மாதம் இருந்து, செல்லியம்மா நடந்த தெருவில் நடந்து, அவள் நினைப்பையெல்லாம் புதுசாக நிரப்பிக்கொண்டு அவர் திரும்பி வருவார். வந்து வாசலில் நிற்கும்போது புல் செத்துக் கிடந்தால்? திட்டுகிற மனுஷராக இருந்தால் பரவாயில்லை. திட்டு வாங்கி அழுது முடித்துவிடலாம். இவர் ஒன்றும் சொல்ல மாட்டார். சொல்லாமலே மிச்ச ஆயுசெல்லாம் ஓடிவிடும். புல் இருந்தால் இந்த வீட்டில் தனக்கு ஒரு இடம் உண்டு, புல் போனால் இல்லை. இப்படி அவள் முடிச்சுப் போட்டுவிட்டாள்.

அந்தப் புல்லுக்கு எப்படித் தண்ணீர் விடுவதென்று அவள் பார்த்ததில்லை. அவள் வந்த நாளிலிருந்து மழை, பனி என்று புல் தன்னைத் தானே பார்த்துக்கொண்டது. மாசி, பங்குனியில் அவர் எப்போதாவது விடிகாலையில் கிணற்றிலிருந்து இறைத்து ஊற்றுகிற சத்தம் அடுப்படிக்குக் கேட்கும். காதால் கேட்டதுதான்.

ஆனால் தண்ணீர் தெளிப்பது அவளுக்குத் தெரியாத வேலையா? தெருவில் நீட்டிக் கட்டிய பாவுக்கு, விரலை நனைத்து உதறி, பனி இறங்குவதுபோல் இறக்குவாள். பெரிய சொட்டாக விழுந்தால் நூல் ஒட்டிக்கொள்ளும். விழாமல் போனால் முறுகி அறும். நகரியில் அவள் கை போட்ட பாவில் ஒரு இழை அறுந்ததில்லை என்று பேர். அந்தக் கையைத்தான் புல்லுக்குக் கொடுத்தாள். விடிந்ததும் ஒரு தரம், உச்சியில் ஒரு தரம், விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு தரம். ஒவ்வொரு இலையிலும் முத்து முத்தாக நிற்கும். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும்.

பக்கத்து வீட்டு லட்சுமம்மா மதில் மேல் மோவாயை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பாள். பஸ் கண்டக்டர் பெண்சாதி. பேச ஆரம்பித்தால் பாதி தெலுங்கு, பாதி தமிழ், நடுவில் சிரிப்பு.

"ஏமே தாட்சாயணி, புல்லுக்குத் தல வாரிப் பூ வெக்கிறியா?"

"தண்ணி தெளிக்கிறேன் அக்கா."

"மாடில்லாத வூட்ல புல்லு. அதுக்கு மூணு வேள ஸ்நானம். எங்க வூட்டு ஆயன வாரத்துக்கு ஒரு தரம் தலைக்கு ஊத்திக்கய்யான்னா சண்டைக்கு வர்றாரு. அந்தப் புல்லுக்கு உள்ள யோகம் ஆயனக்கு லேதம்மா!" தானே சொல்லித் தானே சிரித்துக்கொள்வாள்.

மூன்றாம் வாரம் ஓரத்தில் மஞ்சள் தட்டியது. தாட்சாயணி நாலு வேளையாகத் தெளித்தாள். மஞ்சள் உள்ளே நடந்து வந்தது. விடிகாலையில் பார்த்தால் இரவெல்லாம் ஈரமாகவே கிடந்த இடங்களில் வெள்ளையாகச் சிலந்தி வலைபோல் பூஞ்சை படர்ந்திருந்தது. கிள்ளினால் புல் கையோடு வந்தது. பகலில் நடந்தால் காலடி அப்படியே பதிந்து கிடந்தது, எழவில்லை. திரும்பிப் பார்த்தால், யாரோ அந்த வீட்டை விட்டு நடந்து வெளியே போனதுபோல் வரிசையாகத் தடம். அது தன் தடம்தான் என்று தெரிந்தும் அவள் அதை மிதிக்காமல் சுற்றிப் போவாள்.

வைகாசி எட்டாம் தேதி ஒரு கார்டு வந்தது. கோடு போட்டது போன்ற கையெழுத்து. "ஆனி மூன்றாம் தேதி காலை வருகிறேன். இங்கு எல்லாரும் சௌக்கியம். புல் எப்படி உள்ளது?"

கார்டை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றவளை லட்சுமம்மா பார்த்தாள். சிரிக்கவில்லை.

"நாளைக்கு வெள்ளிக்கெழம. கெளம்பு, திருச்சானூர் போய் வரலாம்" என்றாள். "மல மேல இருக்கறவருக்கு ஆயிரம் வேல. பொம்பளைங்க சமாச்சாரம் அம்மாவுக்குத்தான் புரியும்."

விடிவதற்குள் கிளம்பி, பஸ்ஸில் திருப்பதி போய், அங்கிருந்து ஜட்கா வண்டியில் திருச்சானூர் சேர்ந்தார்கள். குளத்தில் கால் நனைத்துவிட்டு உள்ளே போனாள். பத்மாவதித் தாயார் முன்னால் நிற்கும்போதுதான் என்ன கேட்பதென்று குழம்பியது. பக்கத்தில் நின்றவர்கள் பிள்ளைக்கும் வரனுக்கும் உருகிக்கொண்டிருந்தார்கள். நடுவில் இவள் போய், வாசலில் புல் காய்கிறது தாயே என்று சொல்வதா? "உனக்கே தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

குளத்தங்கரை மண்டபத்தில் கல் குளுகுளுவென்றிருந்தது. தூணோரமாகச் சாய்ந்தவள் எப்போது தூங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. தண்ணீரில் பட்ட வெயில் மண்டபத்து மேல்கல்லில் ஆடியது; அது ஆட ஆட, மேல்கல்லே ஒரு குளமாகி, அந்தக் குளத்துக்கு அடியில் தான் படுத்திருப்பதாக இருந்தது. பக்கத்தில் இன்னொருத்தி படுத்திருந்தாள். கூந்தல் நீளமாக, மஞ்சளாக, காய்ந்த புல்லாகத் தரையெங்கும் பரவியிருந்தது. தாட்சாயணி ஈரத்துணியால் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்கத் துடைக்கக் காய்ந்தது. மறுபடி நனைத்தாள், மறுபடி துடைத்தாள். படுத்திருந்தவள் கண்ணைத் திறக்காமலே சிரித்தாள்.

"எத்தினி தரம்டி மூஞ்சிய தொடைப்ப? குடிக்க ஒரு சொம்பு தர மாட்டியா?"

விழித்தபோது லட்சுமம்மா வாழையிலையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். "எழுந்திரு. புளிசாதம், துன்னு. தூக்கத்துல இன்னா அப்படி முனகற?"

தாட்சாயணி கனவைச் சொன்னாள். லட்சுமம்மா உருண்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அய்யோ ராமா. இன்னிக்கு வெள்ளிக்கெழம. அக்கா பொட்டுக்குத் தண்ணி வெச்சியா?"

"பஸ்ஸுக்கு ஓடி வந்ததுல மறந்துட்டேன்."

"அதான் வந்து கேக்குது! வூட்டுக்குப் போனதும் குடுத்துடு. சொட்டு கணக்குல குடுக்காத. நீ குடுக்கற ஒரு சொட்டு ஒரு எறும்புக்குப் பத்துமா? சொம்பு கேட்டிச்சில்ல, சொம்பா குடு."

ஊர் திரும்ப இருட்டிவிட்டது. மறுநாள் விடிந்ததும் தாட்சாயணி குளித்து, ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். மூத்தவளுக்கு ஊற்றுவதென்றால் அவள் இடத்தில்தானே ஊற்ற வேண்டும்? புல்லுக்கு நடுவில் ஊற்றலாம் என்று போனாள்.

நடுவில் ஒரு பழைய மண்பானை இருந்தது. அடியில் கீறல் விட்டுச் சமையலுக்கு ஆகாமல் போனது. குருவிகள் குடிக்கட்டும் என்று சித்திரையிலேயே அங்கே வைத்திருந்தாள். தினமும் காலையில் நிரப்புவாள். ஒரு மணி நேரத்துக்குள் பாதி காணாது. "குடிகாரப் பானை" என்று அதைத் திட்டுவாள். இப்போது இடம் பண்ணுவதற்காக அதைத் தூக்கினாள்.

தூக்கியவள் அப்படியே நின்றாள்.

பானையைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு வட்டமாகப் புல் கறுத்த பச்சையில் நின்றது. எண்ணெய் தடவிய தலைபோல அடர்த்தியாக. இத்தனை நாளும் அது பானையின் நிழல் என்றே நினைத்திருந்தாள். வட்டத்துக்கு வெளியே எல்லாம் வைக்கோல்.

சொம்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளே ஓடினாள். கொல்லைக் கதவுக்குப் பின்னால் ஒரு உடைந்த குடை தொங்கியது. அதிலிருந்து ஒரு கம்பியைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். மஞ்சள் பக்கத்தில் குத்தினாள். நகக்கண் ஆழம் போனது. பிறகு செங்கல்லில் குத்தினதுபோல் நின்றுவிட்டது. பச்சை வட்டத்தில் குத்தினாள். கம்பி வெண்ணெயில் இறங்குவதாக இறங்கி, ஒரு சாண் போனது. உருவி எடுத்தால் நுனிவரை சில்லென்று மண். முகர்ந்து பார்த்தாள். மழை பெய்த மறுநாள் வாசனை.

"நூலுக்கு வேர் கெடையாதே" என்றாள் வாய்விட்டு.

பாருங்கள், எவ்வளவு சின்ன விஷயம். ஒரு மாதத்துக்கு மேல் அவள் புல்லுக்கு முகம் கழுவிவிட்டிருக்கிறாள். குடிக்கக் கொடுக்கவில்லை. மேலே மட்டும் ஈரம் கிடைத்ததால் வேரும் மேலேயே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது. வெயில் வந்து ஈரத்தை எடுத்துக்கொண்டு போகும்போது வேரையும் சேர்த்துச் சுட்டுவிட்டுப் போனது. ஓட்டைப் பானை கொஞ்சங்கொஞ்சமாக, ஒரே இடத்தில், மண் குடிக்கிற வேகத்துக்கு விட்டது. அங்கே வேர் தண்ணீரைத் தேடிக் கீழே போய்விட்டது. கீழே போன வேரை வெயில் தொட முடியாது.

சொம்புத் தண்ணீரை அந்த வட்டத்துக்குப் பக்கத்தில், மண் உறிஞ்ச உறிஞ்ச, மெதுவாக ஊற்றினாள். "இந்தாங்க அக்கா, குடிங்க" என்றாள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவளை வாய்விட்டு அக்கா என்று கூப்பிட்டாள்.

அன்று வெயில் ஏறுவதற்குள் குயவர் தெருவில் இருந்தாள். பானைக்காரி சென்னம்மா சூளைக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்தாள். தாட்சாயணி ஒவ்வொன்றாக எடுத்து, விரலால் தட்டி, காதில் வைத்துக் கேட்டாள். டங்கென்று கேட்டதையெல்லாம் வைத்துவிட்டு, டொக்கென்று கேட்டதை எடுத்தாள்.

சென்னம்மா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"தாயி, காது சரியா கேக்குதா உனக்கு? நீ எடுத்து வெச்சதெல்லாம் கீறல் உட்ட பானை."

"தெரியும். இன்னும் இருக்குதா?"

"எங்க பாட்டன் காலத்துலேர்ந்து பானை விக்கிறோம். ஓட்டப் பானை இருக்குதான்னு கேட்டு வந்தவ நீ ஒருத்திதான். எதுக்கும்மா, யாருக்காச்சும் சீர் வெக்கப் போறியா?"

"புல்லுக்குத் தண்ணி வுட."

சென்னம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்த தன் புருஷனைப் பார்த்தாள். "இந்த வெயிலு யாரையும் வுட்டு வெக்கல" என்றாள். ஆனால் உடைக்கப் போட்டிருந்த குவியலிலிருந்து பத்துப் பானை தேடி எடுத்து, காலி வண்டியில் ஏற்றியும் அனுப்பினாள்.

வீட்டுப் பானையோடு பதினொன்று. தெருவில் பாவு நீட்டக் கட்டை நடுகிற கணக்கில், சம தூரம் விட்டு வரிசையாக வைத்தாள். தண்ணீர் விடுகிற நாளில் கோழி கூவும்போது எழுந்து, கிணற்றில் இறைத்துப் பதினொன்றையும் நிரப்புவாள். அவை வடிந்ததும் ஒரு கை தள்ளி வைத்து, இன்னொரு முறை. வெயில் மதிலைத் தாண்டி வருவதற்குள் பானைகள் காலி. மேலே ஒரு சொட்டு இருக்காது. எல்லாம் கீழே போயிருக்கும். சாயங்காலம் தொடுவதில்லை. இரவெல்லாம் நனைந்து கிடந்தால் மறுபடி அந்த வெள்ளை வலை வரும். அரிவாளையும் எடுக்கவில்லை, இருக்கிற புல் தன் காலுக்குத் தானே நிழல் போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டாள்.

அந்த நேரம் அவளுக்குப் பிடித்திருந்தது. வானம் வெளுக்காத வேளையில் பானைகளுக்கு நடுவே நின்றால், பதினொரு பானையும் வியர்த்துக்கொண்டு, மண்ணுக்குள் ஏதோ மெல்ல விழுங்குகிற சத்தம் கேட்கும். கண் சொக்கும். அந்தப் பக்கக் கடைசிப் பானைக்கு அருகில் யாரோ கால் நீட்டி உட்கார்ந்து அதே சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பதாகத் தோன்றும். முன்பு அப்படித் தோன்றினால் பயப்படுவாள். இப்போது அந்தப் பக்கமும் பார்க்காமல், இந்தப் பக்கமும் போகாமல் சும்மா நிற்பாள். ஆளுக்கொரு பக்கம்.

கஷ்டம் வேறிடத்தில் இருந்தது. ஒரு தரம் ஆழக் குடிக்க வைத்துவிட்டால் அடுத்த நாலு நாள் ஒன்றும் செய்யக் கூடாது. குடைக்கம்பியைக் குத்திப் பார்ப்பாள். கீழே ஈரம் இருக்கும். ஈரம் இருந்தால் விடக் கூடாது. வேர் இன்னும் கீழே தேடிப் போகட்டும். ஆனால் மேலே மஞ்சளைப் பார்த்துக்கொண்டு கை எப்படிச் சும்மா இருக்கும்? விரல்கள் தாமாக உதறிக்கொள்ளும். புடவைத் தலைப்பில் கையைச் சுற்றிக்கொண்டு உலாத்துவாள்.

"இன்னா, புல்லு நோன்பா?" என்பாள் லட்சுமம்மா. "போன மாசம் நாலு வேள ஸ்நானம். இந்த மாசம் நாலு நாள் பட்டினி."

"குடிச்சிட்டு இருக்குது அக்கா. எழுப்பக் கூடாது."

ஏழு நாள் ஆயிற்று. ஒன்றும் இல்லை. ஒன்பதாம் நாள் காலையில் குனிந்து பார்த்தபோது, காய்ந்த தாளுக்கு நடுவில் ஊசி முனை அளவில் பச்சை. ஒன்று, பிறகு ஒன்று. பதினைந்தாம் நாள் வட்டங்கள் ஒன்றையொன்று தொட்டன. இருபதாம் நாள் அவள் நடந்த அடி, நடந்த உடனே எழுந்தது. மதிலோரம் ஒரு மூலை மட்டும், முறத்தளவு இடம், வழுக்கையாகவே நின்றுவிட்டது. அங்கே பூஞ்சை வேரையே தின்றிருந்தது.

ஆனி இரண்டாம் தேதி சாயங்காலம், அந்த மூலையில் ஒரு பானையை நகர்த்தி வைத்து மறைக்கலாமா என்று யோசித்தாள். பானையைத் தூக்கியும்விட்டாள். பிறகு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்குத் தெருக்கதவு திறந்தது. கோவர்த்தனன் வெயிலில் கறுத்து, கையில் ஒரு பனையோலைக் கூடையோடு வந்தார். வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த தாட்சாயணி சட்டென்று எழுந்து நின்றாள்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் கால் வைத்தார். நாலு எட்டு நடந்தார். பானைகளைப் பார்த்தார். வழுக்கை மூலையையும் பார்த்தார்.

"இதெல்லாம் இன்னா?"

"ஓட்டப் பானைங்க" என்றாள். அத்தோடு நிறுத்தலாம் என்றுதான் நினைத்தாள். நெஞ்சுக்குள் இத்தனை நாள் இறங்கியதெல்லாம் ஒரேயடியாக மேலே வந்துவிட்டது. "நான் கொல்லப் பாத்தேங்க. பாவுக்குத் தெளிக்கிற மாதிரி தெளிச்சிக்கினே இருந்தேன். எல்லாம் காஞ்சி போச்சி. அப்புறம்தான் புத்தி வந்திச்சி. இது பொழைச்சிடுச்சி, அந்த மூலை பொழைக்கல. அக்கா வெச்ச புல்லு, எங்கையால போச்சி. மறைக்கலாம்னு பாத்தேன். மனசு வரல."

அவர் கூடையைக் கீழே வைத்தார். பிறகு, கல்யாணமான நாளிலிருந்து அவள் பார்க்காத ஒன்றைச் செய்தார். சிரித்தார். சத்தமாக, தோள் குலுங்க.

"செல்லி வெச்ச புல்லா? அது எப்பவோ போயிடிச்சே!"

தாட்சாயணிக்குப் புரியவில்லை.

"அவங்க வூட்ல நம்ம சாதிதான், ஆனா மூணு தலைமொறையா தறிய வுட்டுட்டு நெல்லுக்குப் போனவங்க. அவளுக்குத் தெரிஞ்சது ஒரே பயிரு. புல்லு நட்டு, சுத்தி வரப்பு போட்டு, கணுக்கால் தண்ணி நிறுத்திட்டா! 'தண்ணி வத்தினா பயிர் போயிடும்'னு நாளெல்லாம் எறைக்கிறா. பத்து நாள்ல தவள வந்திச்சி. அப்புறம் கொசு. புல்லு அழுகி நாத்தம். தெருவே சண்டைக்கு வந்திச்சி. லட்சுமம்மாவ கேட்டுப் பாரு."

மதில் மேல் மோவாய் ஏற்கெனவே வந்திருந்தது. "அடுகு, நன்னு அடுகு, என்னக் கேளு! ஒரு தவள எங்க வூட்டு அரிசிப் பானையில குடித்தனம் பண்ணிச்சி!"

"ஏன் அக்கா, எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"செத்தவ செஞ்ச கூத்தப் பின்னாடி வந்தவகிட்ட எவ சொல்லுவா? வாய் இருக்குதுன்னு எல்லாத்தையும் பேசிடுவேனா நானு?" என்று சொல்லிவிட்டு, அந்த ஒரு நாள் மட்டும் தானாகவே மதிலை விட்டு இறங்கிப் போய்விட்டாள் லட்சுமம்மா.

"அப்ப இது?" என்று கேட்டாள் தாட்சாயணி.

"அவ போனப்புறம் நான் வெச்சது. ரயில் பாதை ஓரத்துல புடுங்கிக்கினு வந்து நட்டேன். ஆசப்பட்டாளேன்னு." அவர் கூடையைக் காலால் லேசாகத் தொட்டார். "மாம்பழம். அவங்க அம்மா உனக்குக் குடுத்தனுப்பினாங்க. 'எம் பொண்ணுகிட்ட குடுங்க'ன்னு சொன்னாங்க. 'புல்லு இருக்குதா, இன்னும் தவள கத்துதா'ன்னு கேட்டு ஒரே சிரிப்பு."

எம் பொண்ணு. தாட்சாயணி கழுத்துப் பொட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். மேலே மேலே தெளித்தது போதும், இன்றைக்கு ஆழமாகக் கேட்டுவிடுவதென்று துணிந்தாள்.

"தெனமும் சாயங்காலம் இங்க வந்து உக்கார்றீங்களே. அவங்களோட பேசத்தானே?"

கோவர்த்தனன் குனிந்து ஒரு புல்லை விரலால் நீவினார்.

"மொதல்ல அப்படித்தான். நீ வந்தப்புறம் அதுக்கில்ல."

"அப்புறம் எதுக்கு?"

"நான் உள்ள வந்தா நீ எழுந்து நிக்கிற. நான் இருக்கிற வரைக்கும் நிக்கிற, ஆபீஸ்ல பியூன் நிக்கிற மாதிரி. பகலெல்லாம் வேல செய்றவ. நான் வெளிய இருந்தா நீ கொஞ்ச நேரம் உக்காருவியேன்னுதான்."

தாட்சாயணி திரும்பி ஜன்னலைக் காட்டினாள்.

"நான் எங்க உக்காந்தேன்? ஜன்னலாண்ட நின்னுக்கினு உங்க முதுகத்தான் பாத்துக்கினு இருந்தேன்."

"பத்து மாசமா?"

"பத்து மாசமா."

அவர் நிமிர்ந்து அந்த ஜன்னலைப் பார்த்தார். கம்பியில் அவள் பிடித்துப் பிடித்து இரண்டு இடம் பளபளத்துக் கிடந்தது.

அன்று சாயங்காலம் தாட்சாயணி காப்பியை இரண்டு டம்ளரில் ஊற்றினாள். அவர் கால் கழுவிக்கொண்டிருக்கும்போதே இரண்டையும் எடுத்துக்கொண்டு வெளியே போனாள். போகும் வழியில் வழுக்கை மூலையில் நின்று, டம்ளர்களை மதில் மேல் வைத்துவிட்டு, அங்கே இருந்த சின்னச் சொம்புத் தண்ணீரை மண் குடிக்கக் குடிக்கச் சாய்த்தாள். அங்கே அன்று காலைதான் அவர் நாலு கணுப் புல் பதித்திருந்தார். பிறகு டம்ளர்களோடு நடுவில் போய், காலை மடக்கி, உட்கார்ந்தாள். புல் குளிர்ச்சியாக இருந்தது. இத்தனை மாதம் ஜன்னலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்த வானம், இங்கிருந்து ரொம்பப் பெரிசாக இருந்தது.

கோவர்த்தனன் துண்டால் முகம் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். அவள் கை தானாகத் தரையில் ஊன்றியது, எழுந்திருக்க. ஊன்றிய கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எழுந்திருக்கவில்லை.

அவர் நடந்து வந்தார். புல்லில் அவர் அடிகள் ஒரு கணம் பதிந்து, பின்னாலேயே ஒவ்வொன்றாக எழுந்துகொண்டன.